கத்திரி வெயிலில் மான் ஸ்வெட்டர்

கிட்ட வந்து உட்காரு கண்ணு. இன்னும் கிட்ட. வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அதனால மனசுக்குள்ளதான் சொல்லப் போறேன், மனசுக்குள்ள சொல்றது காதுல விழணும்னா ஒட்டி உட்கார்ந்தாத்தான் ஆகும். நீ யாரு எவருன்னு நான் கேக்கல. ஒரு ஆளு பக்கத்துல இருக்குன்னு நெனச்சுக்கிட்டா நிக்கறதுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும், அவ்வளவுதான். நான் மாராத்தா. நிக்கறது திருப்பூர்ல ஒரு கம்பெனி, மேல்மாடி, தகரக் கூரைக்கு அடியில கைத்தையல் மேசை. வெளியில கத்திரி வெயிலு மண்டையைப் பொளக்குது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறேன். சிரிக்காதே. சேலைக்கு மேல, முழுக்கை வெச்சு, கழுத்து வரைக்கும் ஏறின சிவப்பு ஸ்வெட்டர், நெஞ்சுல கொம்பு முளைச்ச ஒரு மானு, மானுக்கு நூல் உருண்டையில மூக்கு. அந்த மூக்கை வெச்சுத் தைக்கறதுதான் எங்க மேசைக்கு வேலை. மொதல்ல மூக்குக்குப் பதிலா மணி வெக்கறதா இருந்துது, மணின்னா, துணிக்குள்ள ஊசி கீசி கிடக்குதான்னு பாக்கற மெஷினு கத்தும்னு நூலுக்கு மாத்திட்டாங்க. எத்தனையோ மூக்கு தைச்சிருக்கேன், ஒண்ணு கூட என்னைத் திரும்பிப் பாத்ததில்ல, இன்னைக்கு என்ற நெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு மூச்சு இழுக்கறப்பெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குது. கம்பளின்னு பேருதான், எல்லாம் பிளாஸ்டிக் நூலு, வேர்வையைக் குடிக்காது, உள்ளேயே ஓட விடும், முதுகுத்தண்டுல கிளம்பி இடுப்புப் பாவாடை நாடாவுல வந்து தேங்கி நிக்குது. ஃபேனை நிறுத்திட்டாங்க. ஏன்னு கேளு. ஜன்னல் கட்டையில, மேசை மேல, எங்க தலை மேலெல்லாம் பஞ்சைப் பிச்சுப் போட்டிருக்காங்க, அது பனியாம், ஃபேனு போட்டா பனி பறந்துருமாம். அந்த நாட்டுக்காரங்க மார்கழிக் குளிருல போடறதை நாங்க இப்பவே தைக்கணும், கப்பல் ஏறிப் போய்ச் சேரணுமில்ல, அதனால வருசா வருசம் எங்களுக்குக் கிறிஸ்மஸ் வெயில் காலத்துலதான் வரும். தைக்கறது சரி. தைக்கறதுக்குத்தானே வந்தோம். போட்டுக்கிட்டு நிக்கறதுக்கு யாரு வந்தா?

கட்டாயமில்லைன்னுதான் சொன்னாரு. அதை மறக்கக் கூடாது, நேத்து டீ டைமுல சின்ன முதலாளி மேசைக்கு மேசை வந்து, கையைக் கட்டிக்கிட்டு, எத்தனை மரியாதையா, "அக்கா, கட்டாயமெல்லாம் இல்லீங்க, மனசிருந்தாப் போடுங்க, பையரம்மா வர்றாங்க, எல்லாரும் ஒரே குடும்பமாட்டத் தெரிஞ்சா நல்லாருக்கும்"ன்னாரு. சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்களைப் பையருன்னுதான் சொல்லுவோம், வர்றது பொம்பளை, அதனால பையரம்மா. நல்ல பையன்தான், வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவரு, எங்களை அக்கான்னுதான் கூப்பிடுவாரு. அவரு அந்தப் பக்கம் போனதும் சூப்பர்வைசர் கோகிலவாணி இந்தப் பக்கம் வந்தா. "போடாதவிங்க பேரை எங்கிட்டச் சொல்லுங்க, சாருகிட்டச் சொல்லணும்"ன்னா. அவ்வளவுதான். எனக்கு மூணாப்பு வரைக்குந்தான் படிப்பு, ஆனா காது கூர்மை, கட்டாயமில்லைங்கற சொல்லு எந்த வாயில எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். என்ற வீட்டுக்காரரு செத்தன்னைக்கும் அப்படித்தான் சொன்னாங்க. கட்டாயமில்ல ஆத்தா, உனக்கு மனசிருந்தாக் கழட்டு. சொல்லிக்கிட்டே நாலு பேரு என்ற கையைப் புடிச்சிருந்தாங்க, சோப்புத் தண்ணியும் கொண்டாந்து வெச்சிருந்தாங்க, வளையலு சுலபமா வழுக்கி வர்றதுக்கு. கழட்டறதுக்கும் கட்டாயமில்ல, மாட்டறதுக்கும் கட்டாயமில்ல, நடுவுல இருக்கற உடம்பு மட்டும் ஆருதோ. இப்ப மணிக்கட்டுல இந்த ஸ்வெட்டர்க் கை இறுக்குது பாரு, அங்கதான், வளையலு இருந்த அதே எடத்துல, அரிக்குது, சொறியக் கூடாது, சொறிஞ்சா போட்டோவுல தெரியுமாம். எல்லாரும் மாட்டிக்கிட்டோம். ஆடி வந்தா ஆர்டரு நிக்கும், பையரம்மா மனசு குளுந்தா அடுத்த ஆர்டரும் இங்கயே வரும், மத்தியானத்துக்குப் பிரியாணி வேற சொல்லியிருக்காங்க. அமலி மட்டும் மாட்டல.

அமலி எனக்கு இடப்பக்கம். முழுப்பேரு அமலோற்பவம், தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊரு. இந்த மாடியில வேதக்காரி அவ ஒருத்திதான். இந்தப் பண்டிகை என்னன்னு தெரிஞ்சவளும் அவ ஒருத்திதான். அதுதான் வேடிக்கை. காலையில கோகிலவாணி அவ மேசையில மானை மடிச்சு வெச்சுட்டு, "என்ன அமலி, உங்க பண்டிகை, நீ போடலைன்னா எப்படி? நீதான் முன்னால நிக்கணும், சாரு சொல்லிட்டாரு"ன்னா. அமலி மூக்கைத் தைச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம, "இந்த வருசம் எங்களுக்குத் திருநா கிடையாதுக்கா"ன்னா. "அதென்ன, கிறிஸ்மஸ் ஒரு வருசம் வரும், ஒரு வருசம் வராதா?" "வீட்டுல சாவு விழுந்தா ஒரு வருசத்துக்கு நாங்க எதுவும் கொண்டாட மாட்டோம்க்கா. ஸ்டாரு கட்ட மாட்டோம். கேக்கு வாங்க மாட்டோம். புதுசு உடுத்த மாட்டோம்." "இது புதுசா? நாளைக்கே கழட்டிப் பொட்டியில போடப் போறோம்." பக்கத்து மேசைத் துளசிமணி சிரிச்சா. துளசிமணி சிரிச்சா மாடியே சிரிக்கும். "ஏன்டி, சாமி உன்னுது, சட்டை உன்னுது, வேர்வை மட்டும் எங்களுதா? உன் ஒருத்தியால ஆர்டரு போச்சுன்னா எங்கூட்டுப் புள்ளைகளுக்கு நீ வந்து சோறு போடுவியா?" புள்ளைங்கற வார்த்தையை அவ சும்மாத்தான் சொன்னா. அமலி கையில ஊசி ஒரு நிமிசம் நின்னுது, பொறகு ஓடுச்சு. அந்த நிக்கறது எனக்கு மட்டுந்தான் தெரியும், ஏன்னா அவ புள்ளையைப் பத்தி முழுசும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான், மத்தவிங்களுக்குக் காய்ச்சல்ல போயிட்டான்னு மட்டும் தெரியும், அதுவும் பாதி மறந்து போச்சு. பேரு ஜெர்சன். ஆறு வயசு. போன வருசமும் இதே மானுதான் தைச்சோம், சின்னப் புள்ளை சைஸுல ஒண்ணு, கொம்புல நூலு விட்டுப்போயிக் கழிவுல கிடந்துது, கேட்டு வாங்கிட்டுப் போனா. அந்தப் பயலுக்கு அது மேல பைத்தியம். வெயிலுல போட்டுக்குவான், பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு மேல போட்டுக்குவான், தொவைக்கக் குடுக்க மாட்டான், மூக்கைப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். கார்த்திகையில காய்ச்சலு வந்துது. ஊருக்குக் கொண்டு போயித்தான் அடக்கம் பண்ணுனாங்க, நானும் போயிருந்தேன், பொட்டிக்குள்ள அவன் மானோடதான் கிடந்தான். கழட்டலாம்னு யாரோ சொன்னாங்க. அமலி கழட்ட விடல. மண்ணுக்குள்ள அந்த மானு இன்னும் அப்படியேதான் இருக்கும் கண்ணு, பிளாஸ்டிக் நூலு மக்காது. இதை ஏன் நெனச்சேன். நெனைக்கக் கூடாது. நெனச்சா என்ற நெஞ்சுல இருக்கற இந்த மூக்கு வேற மாதிரி பாக்குது. குளுந்த ஒரு சின்ன விரலு உள்பக்கமிருந்து இதைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு.

நான் சொல்லிப் பாத்தேன், சொல்லலைன்னு நெனைக்காதே. கோகிலவாணியைத் தண்ணி டிரம்முகிட்ட நிறுத்தி, அந்தப் பையன் எதைப் போட்டுக்கிட்டு மண்ணுக்குள்ள போனான்னு சொன்னேன். அவ கண்ணு கூடக் கலங்குச்சு. மூக்கை உறிஞ்சிட்டு, "அய்யோ பாவம்"ன்னா. அப்பறம், "அப்படின்னா இன்னும் நல்லதுதானேக்கா, போட்டுக்கட்டும், புள்ளையை நெஞ்சுல வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்"ன்னா. கெட்டவ இல்ல அவ. அவ மேல சின்னவரு, சின்னவரு மேல பையரு, பையரு மேல ஆரோ. எல்லாரும் மேல பாத்துக்கிட்டே நடக்கறதுல கீழ எதை மிதிக்கறோம்னு பாக்கறதில்ல. திரும்பி வந்து பாத்தா துளசிமணியும் இன்னும் ரெண்டு பேரும் அமலியைச் சுத்தி நிக்கறாங்க. வெளையாட்டுத்தான். கிச்சுக்கிச்சு மூட்டறாங்க. "தூக்குடி கையை, தூக்குடி, கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கத்தைப் பாரு." அமலி கத்தல. "வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா" மட்டும், மெதுவா. கையில ஊசி இருந்துது, யார் கண்ணுலயாச்சும் குத்திரப் போவுதுன்னு நான்தான் வாங்கி வெச்சேன். அந்த ஊசியை நான் வாங்காம இருந்திருந்தா அவிங்க பயந்து விட்டிருப்பாங்களோ. ஆருக்குத் தெரியும். தலை வழியா மாட்டி இழுத்துட்டாங்க. கழுத்துத் துவாரத்துக்குள்ள இருந்து அவ முகம் வெளிய வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அந்தக் கொஞ்ச நேரம் சிவப்பா, முகமில்லாம, ஒரு தலை மட்டும் அசைஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. முகம் வெளிய வந்தப்ப முடி கலைஞ்சு, பஞ்சு ஒட்டி, கண்ணு ரெண்டும் காஞ்சு கிடந்துது. எங்கிட்டக் கையை நீட்டுனா. "ஊசியக் குடுங்கக்கா." குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல. இந்தப் பக்கம் வந்த சின்னவரு அவளைப் பாத்துட்டு, "சூப்பர் அமலி"ன்னாரு. அவரும் மான்தான் போட்டிருக்காரு. "பாருங்க, எனக்கு வேர்க்குதா? உள்ள வெறும் கைவெச்ச பனியன்தான்"னு சொல்லிச் சிரிச்சாரு. ஏசி ரூமுல இருந்து வர்றவருக்கு ஏன் வேர்க்கப் போவுது. அமலியோட தோளை ரெண்டு கையாலயும் புடிச்சு முன்வரிசைக்குத் தள்ளி நிறுத்தி, பொம்மைக்குச் சரி பண்ற மாதிரி அவ தாடையைத் தூக்கி விட்டாரு. "பல்லு தெரியச் சிரிக்கணும், என்ன?"

வர்றாங்க. படியில செருப்புச் சத்தம் கேக்குது, ஒண்ணு குதிகாலு வெச்சது, ஒண்ணு ரப்பரு. நான் சிரிச்சுக்கிட்டேதான் நிக்கறேன், தாடை வலிக்குது, சிரிப்பு ஒரு நேரத்துக்கு மேல சிரிப்பா இருக்காது கண்ணு, பல்லு காயும், பல்லு மேல உதடு ஒட்டிக்கும். தலை சுத்தற மாதிரி இருக்கு. விழக் கூடாது. விழுந்தா ஆர்டரு போச்சு. பையரம்மா வந்துட்டாங்க. வெள்ளையா, குண்டா, நல்ல முகம். மெல்லிசா ஒரு பருத்திச் சட்டை போட்டிருக்காங்க, அரைக்கை. விசிறிக்கிறாங்க. ஸ்வெட்டரு போட்ட எங்களைப் பாத்து ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சு, என்னமோ சொல்றாங்க, சின்னவரு, "ரொம்ப அழகா இருக்கீங்களாம், உங்களுக்கா மனசு வந்து போட்டீங்கன்னு சொன்னேன், அழுகையே வருதுங்கறாங்க"ன்னு சொல்றாரு. நாங்க மண்டையை ஆட்டறோம். பஞ்சு ஒண்ணு துளசிமணி மூக்குல விழுந்து ஒட்டியிருக்கு, தட்டிவிடப் பயந்துக்கிட்டு அப்படியே நிக்கறா, அவளைப் பாத்தாலும் பாவமாத்தான் இருக்கு. பையரம்மா முன்வரிசைக்கு வந்து, அமலிக்கு நேரா நின்னு, குனிஞ்சு அந்த மான் மூக்கை ரெண்டு விரலால செல்லமாக் கிள்ளுறாங்க. அந்த நேரத்துலதான் அந்தச் சத்தம். ஆருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுது. பின்னால இருந்த மேசைப் பலகை இடுக்குல, அமலி முதுகுக்குப் பின்னால வெச்சிருந்த கையில, டிக்குனு. எத்தனையோ வருசமா ஊசியோட இருக்கேன், ஊசி உடையற சத்தம் எனக்குத் தெரியாதா. அப்பறம் அவ ஒரு இருமலு இருமி, கையால வாயைப் பொத்துனா. சின்னவரு, "சிரி, சிரி"ங்கறாரு. போட்டோக்காரன் தயாரு. அமலி சிரிக்கல. வலக்கையைத் தலைக்கு மேல நேரா தூக்குனா.

கையைத் தூக்குனா என்னன்னு உனக்குத் தெரியாது, சொல்றேன். ஒரு டோக்கனைக் குடுத்துத்தான் காலையில ஊசி வாங்குவோம். ஊசி உடைஞ்சா அத்தனை துண்டையும் காட்டணும். ஒரு துண்டு காணலைன்னா அப்படியே கையைத் தூக்கிட்டு நின்ன எடத்துல நிக்கணும். துண்டு கிடைக்கற வரைக்கும் அந்த மாடியில இருக்கற துணி ஒண்ணு வெளிய போகாது, ஒவ்வொண்ணும் ஊசி பாக்கற மெஷினுக்குள்ள போயி வரணும். இது எங்க கம்பெனி ரூலு கூட இல்ல, பையரு ரூலு. அங்க ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போடறப்ப முனை குத்திரக் கூடாதாம். நல்ல ரூலுதான். அங்க இருக்கற குழந்தை. அமலி இடக்கையை நீட்டுனா. உள்ளங்கையில ஊசியோட காதுப் பக்கம், நூலோட. முனை இல்ல. பையரம்மா முகத்துல இருந்த சிரிப்பு விளக்கை அணைச்ச மாதிரி போச்சு. அழுகை வருதுன்னவங்க இப்ப ஆபீசரு. என்னமோ சொன்னாங்க, சுத்திக் காட்டுனாங்க, எங்க எல்லாரையும், ஒவ்வொருத்தி நெஞ்சையும். "கழட்டுங்க, எல்லாரும் கழட்டுங்க, ட்ரேயில போடுங்க"ன்னு கோகிலவாணி கத்துனா. அப்ப வந்த சத்தம் இருக்கே கண்ணு. மாடி முழுக்கத் தலை வழியா உருவுற சத்தம், ஈரத்தோல்ல இருந்து உரியற சத்தம், ஆஹ்னு மூச்சு விடற சத்தம். அமலி எல்லாருக்கும் முன்னால கழட்டிட்டா. கழட்டி, கீழ போடல, மடிச்சா, ரெண்டு கையையும் உள்ள மடிச்சு, மூக்கு மேல வர்ற மாதிரி ட்ரேயில வெச்சா. என்ற மணிக்கட்டுல காத்துப் பட்டுது.

காந்தக் கட்டையை எடுத்துக்கிட்டுத் தரையெல்லாம் தேடுனோம், முட்டி போட்டு. பஞ்சுப் பனியைக் கையால அளைஞ்சு அளைஞ்சு தேடுனோம். கிடைக்கல. ட்ரே ட்ரேயா மெஷினுக்குள்ள போயி அந்தப் பக்கம் வந்துது, கத்தல. கிடைக்கற வரைக்கும் ஆரும் வீட்டுக்குப் போக முடியாதுன்னு சொன்னதும் ஸ்வெட்டரு கழட்டுன சந்தோசமெல்லாம் போச்சு, எல்லாரும் அமலி மேல பாஞ்சாங்க. "பிரியாணி ஆறிப் போவுது, சனியன், வேணும்னே உடைச்சிருப்பா." "புள்ளையத் தின்னவளுக்கு எங்க சோத்தைத் திங்கறதுக்கு எத்தனை நேரம்." அது துளசிமணி. சொல்லிட்டு அவளே வாயைப் பொத்திக்கிட்டா, ஆனா சொன்னது சொன்னதுதான். அமலி அத்தனை பேச்சுக்கும் உதட்டை ஒட்டி வெச்சுக்கிட்டு, நாக்கைப் புரட்டாம, எச்சிலு கூட முழுங்காம நின்னா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதும் உடம்பெல்லாம் வேர்வை காஞ்சு குளுந்து போச்சு. அந்த முனை எங்கயும் போகல. அவ இருமுனப்ப உள்ள போயிருச்சு, நாக்குக்கு அடியில கிடக்குது, வாயைத் திறந்தா விழுந்துரும். நான் சொல்லணுமா. சொன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம். என்ற வாயும் திறக்கல கண்ணு. திறக்கக் கூடாதுன்னுதானே காலையில சொன்னாங்க. சின்னவரு அவகிட்ட வந்தாரு. பையரம்மா பாத்துக்கிட்டிருக்காங்க, அதனால முகத்துல சிரிப்பை மாத்தாமயே, காதுக்குக் கிட்டக் குனிஞ்சு, "நாளையில இருந்து வராதே. சிரிச்சுக்கிட்டே கேளு. திருப்பூருக்குள்ள எந்தக் கம்பெனியிலயும் உனக்கு ஊசி கிடைக்காது"ன்னாரு. அமலி அவரையே பாத்தா. அப்பத்தான் எல்லாருமே பாத்தோம், மாடியில ஸ்வெட்டரு கழட்டாம நிக்கறது அவரு ஒருத்தருதான். பையரம்மாவும் பாத்துட்டாங்க. அவரு நெஞ்சைக் காட்டி என்னமோ சொன்னாங்க. அவரு சிரிச்சு, தமிழ்லயே உளறி, "நான் ஊசிப் பக்கமே வரலைங்களே"ன்னாரு. "ஆல்"னாங்க பையரம்மா. எல்லாரும்தான்னு, அது எனக்கே புரிஞ்சுது. "கட்டாயங்களா மேடம்"னு கேக்கற மாதிரி அவரு முகம் ஆச்சு. கோகிலவாணி தரையைப் பாத்துக்கிட்டு, "காலையில இவளைத் தோளைப் புடிச்சு நிறுத்துனீங்கல்லங்க சார், ரூலுங்க"ன்னா. புழுக்கம் தாங்காம ஆரோ ஃபேனைப் போட்டுட்டாங்க. மாடி முழுக்கப் பனி எந்திரிச்சுது. மேசையில இருந்து, ஜன்னல்ல இருந்து, எங்க தலையில இருந்து, பஞ்சு பஞ்சா எந்திரிச்சுச் சுத்துது, அவரு மேலயும் நெஞ்சு மேலயும் வந்து விழுந்து ஒட்டுது, அவரு கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஸ்வெட்டரோட அடியில கையை வெச்சுத் தூக்கலாமா வேண்டாமான்னு நிக்கறாரு, எதிர்ல அத்தனை பொம்பளைகளும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அமலி முந்தானையை எடுத்து வாயைத் துடைச்சா. நல்லா அழுத்தித் துடைச்சா. முந்தானையை விட்டப்ப அவ ரெண்டு விரலுக்கு நடுவுல, வெளிச்சத்துல, ஒரு எறும்புக் கண்ணு அளவுக்கு என்னமோ மினுங்குச்சு. ஒரு எட்டு முன்னால வெச்சா. "சார், பஞ்சு ஒட்டியிருக்கு"ன்னா, காலையில இருந்து வராத அத்தனை மரியாதையோட, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டே. அவரு நெஞ்சுல, மான் மூக்குக்கு அடியில, தூங்கற குழந்தையைத் தட்டிக் குடுக்கற மாதிரி மெதுவா ஒரு தட்டுத் தட்டி விட்டா.